பந்து வருமுன் பார்: சிறுவர் கால்பந்தில் கோல் வாய்ப்பை உருவாக்கக் கற்றுக்கொடுத்தல்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாலை நான்கரை மணிக்கு மேல் எந்தப் பொட்டலைக் கடந்துபோனாலும் பந்தாடும் பிள்ளைகளைக் காணலாம். சற்று நேரம் நின்று கவனித்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப நடப்பதும் தெரியும். பந்து கிடைத்த சிறுவன் தலையைக் குனிந்தபடி ஓடுகிறான். இரண்டு பேரை ஏமாற்றிக் கடக்கிறான். மூன்றாமவன் மறித்ததும் நின்ற இடத்திலிருந்தே ஓங்கி உதைக்கிறான். பந்து கம்பத்தைவிட்டு வெகுதூரம் விலகிச் சீமைக்கருவேல முள்ளுக்குள் போய் விழுகிறது. அவனைத் திட்டுவதில் பயனில்லை. ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் "அடிடா, அடிடா" என்று கத்தியதைத்தான் அவன் செய்தான்.

பத்து முதல் பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக இருக்கலாம். கல்லூரி அணியில் ஆடிவிட்டு ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம். நான் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய காலத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராகக் கோலை நோக்கி உதைக்கவைப்பதையே பெரிய பயிற்சியாக நினைத்திருந்தேன். ஒரு பொங்கல் விடுமுறையில் பக்கத்து ஊர் அணியோடு ஆடியபோது, ஆட்டத்தின் பெரும்பகுதி எதிரணியின் பாதியிலேயே நடந்தும், என் பிள்ளைகள் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றார்கள். அன்றிரவு ஆட்டத்தை மனத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது: வரிசையில் நின்று உதைக்கும்போது முன்னால் மறிப்பவர் இல்லை, யாருக்குப் பந்தைக் கொடுப்பது என்று தேட வேண்டியதில்லை, எங்கே போய் நிற்பது என்று முடிவெடுக்க வேண்டியதும் இல்லை. ஆட்டம் முழுவதும் இந்த மூன்றால் ஆனது. நான் அந்த மூன்றையும் நீக்கிவிட்டு மிச்சத்தைக் கற்றுக்கொடுத்திருந்தேன். உதைக்கத் தெரியாமல் தோற்கும் பிள்ளைகளைவிட, உதைக்கத்தக்க இடத்துக்குப் பந்தைக் கொண்டுபோகத் தெரியாமல் தோற்கும் பிள்ளைகளே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் காலுக்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும்.

தரையும் பந்தும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் செம்மண் தரை சரளை கலந்தது, இறுகிப்போனது; பந்து விரைவாக ஓடும், எதிர்பாராத பக்கம் துள்ளும். பந்தின் காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம் என்று ஆட்ட விதி இடம் தருகிறது. நம் தரைக்கு அதில் கீழ்ப்பகுதியே பொருத்தம். கல்லைப்போல் காற்றடித்த பந்தை அடக்கிக் காலடியில் நிறுத்தவே பிள்ளைகளின் கவனம் முழுவதும் செலவாகிவிடும், நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 4-ஆம் எண் பந்தைக் கொடுங்கள். எல்லை குறிக்கக் கூம்புகள் இல்லையென்றால் பழைய ரப்பர் செருப்புகளை வையுங்கள்; செங்கல் துண்டு வேண்டவே வேண்டாம். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை இந்தத் தரையில் முற்றிலும் தடைசெய்துவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழரை மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்வது நல்லது. தண்ணீர்க் குடம் நிழலில் இருக்கட்டும்.

கயிற்றால் ஒரு பாடம்

முழு அளவுக் கோல் உள்ள மைதானம் கிடைத்தால், முதல் நாள் பந்தைத் தொடாமலேயே ஒரு பாடம் நடத்துங்கள். முப்பது மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகள் போதும். கிணற்றுக் கயிறானாலும் சரி. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒன்றைக் கட்டி, இரண்டு நுனிகளையும் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, பெனால்டி புள்ளியில் நிறுத்துங்கள். கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், புள்ளியிலிருந்து கோல் கோட்டுக்கு 11 மீட்டர். அந்த இடத்தில் இரண்டு கயிறுகளுக்கும் இடையிலான கோணம் ஏறக்குறைய 37 பாகை இருக்கும். கோலிலிருந்து 25 மீட்டர் ஆகும்வரை நேராகப் பின்னால் நடக்கச் சொல்லுங்கள். கோணம் 17 பாகையாகக் குறைந்துவிடும். பிறகு கோல் கோட்டிலிருந்து 5.5 மீட்டர் தொலைவில், ஆனால் கோலின் நடுவிலிருந்து 15 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நிறுத்துங்கள். கோலுக்கு மிகவும் கிட்டே வந்துவிட்டதாக அந்தப் பிள்ளை நினைக்கும். கயிறுகளோ ஒன்றையொன்று தொடுவதுபோல் நெருங்கி, 10 பாகைக்கும் குறைவான கோணத்தில் நிற்கும்.

இப்போது கோல் கீப்பரைக் கயிறுகளுக்கு நடுவே நிறுத்திக் கைகளை விரிக்கச் சொல்லுங்கள். எங்கள் பயிற்சியில் கயிற்றைப் பிடித்திருந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "சார், இங்கேருந்து அடிச்சா கீப்பர் மேலதான் படும்" என்றாள். நான் ஒரு வாரம் சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கயிறு ஒரு நிமிடத்தில் புரியவைத்தது. அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகளிடம் கோல் வாய்ப்பு என்றால் மூன்று கேள்விகள்: கயிறு அகலமாக இருக்கிறதா, கயிற்றுக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள், நிதானமாக உதைக்க நேரம் இருக்கிறதா. மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் உதைக்கலாம். கிடைக்காவிட்டால், நல்ல பதில் கிடைக்கும் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று தேட வேண்டும்.

தூணுக்குப் பின்னால் நிற்காதே

தேடுவதற்குத் தலை நிமிர்ந்திருக்க வேண்டும், அதுவும் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே. இதற்கான பயிற்சி மிக எளியது. ஒருவர் பந்தோடு நிற்கட்டும்; பத்து மீட்டர் தள்ளி மற்றொருவர் அதை வாங்கத் தயாராகட்டும்; வாங்குபவரின் முதுகுக்குப் பின்னால் நீங்கள் நின்றுகொள்ளுங்கள். பந்து உதைக்கப்பட்டதும் நீங்கள் சில விரல்களை உயர்த்த வேண்டும். வாங்குபவர் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, பந்து வந்து சேர்வதற்குள் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்து காலுக்கடியில் ஓடிப்போகும், எண்ணிக்கையும் தப்பாகும். பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாக வரத் தொடங்கியதும் விரல்களுக்குப் பதிலாக ஒரு தடுப்பாட்டக்காரரைப் பின்னால் நிறுத்துங்கள். அவர் நெருங்கி வந்தால் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வராமல் நின்றால் திரும்பிக் கோலை நோக்கிப் போக வேண்டும். வாங்குபவர் கோலுக்கு முழுவதுமாக முதுகைக் காட்டி நிற்காமல், உடலைப் பாதி திருப்பி, தூரத்திலுள்ள காலால் பந்தை வாங்கப் பழகினால், திரும்புவதற்கென்று தனியாக ஒரு நொடி செலவாகாது.

பாஸ் போகும் வழியைப் பிள்ளைகளுக்கு விளக்க நம் ஊர் வீடுகளே போதும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்றால், வளவு என்னும் நடுமுற்றத்தைத் தாண்டி, அதற்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டைத் தாண்டி, பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். வளவில் நிற்பவர் ஓரடி நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டால் முகப்பில் இருப்பவர் கண்ணுக்கு அவர் இல்லை. மைதானத்தில் தடுப்பாட்டக்காரர்களே தூண்கள். பந்து வைத்திருப்பவரின் முகம் உனக்குத் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியவில்லையென்றால் இடையே தூண் நிற்கிறது, இரண்டடி நகர வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவே ஒருவரையொருவர் "தூணு, தூணு" என்று எச்சரித்துக்கொள்கிறார்கள். "இடம் பார்த்து நில்" என்று நான் தொண்டை வற்றக் கத்தியதைவிட அந்த ஒரு சொல் நன்றாக வேலை செய்கிறது.

இருவருக்கு ஒருவர்

கோல் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஒரு தடுப்பாட்டக்காரருக்கு எதிராக நம்மவர் இருவர் இருக்கும் நிலையை உண்டாக்கி, அதை வீணாக்காமல் இருப்பதுதான். பதினான்கு வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு இதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொடுத்தாலும் போதும் என்று நினைக்கிறேன். அதனால் ஒவ்வொரு பயிற்சியிலும் இருபது நிமிடம் இதற்கென ஒதுக்குகிறேன்.

பதினைந்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் கொண்ட பாத்தி ஒன்றைச் செருப்புகளால் குறித்து, ஒரு முனையில் சிறு கோல் வையுங்கள். இருவர் பந்தோடு வருவார்கள், ஒருவர் மறிப்பார். முதலில் வரும் தவறு எப்போதும் ஒன்றே: பந்து வைத்திருப்பவர் மறிப்பவரைக் கண்டதுமே, ஆறேழு மீட்டர் தொலைவிலேயே, அவசரமாகப் பாஸ் கொடுத்துவிடுவார். மறிப்பவருக்கு நகர்ந்து சேர நிறைய நேரம் கிடைக்கும். இருவராக வந்தும் பயனில்லாமல் போகும். பந்தோடு வருபவர் மறிப்பவரை நோக்கியே நேராகப் போக வேண்டும். மறிப்பவர் அசையும்வரை பந்தைக் கொடுக்கக் கூடாது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் இடைவெளியில் மறிப்பவர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அவர் பந்தை நோக்கிக் கால் நீட்டினால் அந்த நொடியில் பாஸ். கூட்டாளியின் பக்கம் சாய்ந்தால் பாஸ் கொடுப்பதுபோல் காட்டிவிட்டு மறுபக்கம் தானே கடந்துவிட வேண்டும். மறிப்பவரின் முழங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள்; எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை முகத்தைவிட முழங்கால் முன்னதாகவே சொல்லிவிடும்.

கூட்டாளிக்கும் வேலை உண்டு. அவர் பந்துக்காரரை ஒட்டி ஓடினால் ஒரே தடுப்பாட்டக்காரர் இருவரையும் மறித்துவிடுவார். ஆறேழு மீட்டர் விலகி, பந்துக்கு ஓரடி பின்தங்கி ஓடினால் ஆஃப்சைடு (பந்தையும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களையும் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் குற்றம்) பற்றிய கவலையும் இல்லை, பாஸும் முன்னோட்டத்தில் கிடைக்கும். பாஸ் காலுக்கு வரக் கூடாது, அவர் அடுத்து எடுத்துவைக்கப் போகும் அடிக்கு முன்னால் வர வேண்டும். இது கைகூடியதும் 'ஒன் டூ' கற்றுக்கொடுங்கள்: பந்தைக் கொடுத்தவர் நின்று வேடிக்கை பார்க்காமல், கொடுத்த வேகத்திலேயே மறிப்பவரின் முதுகுப் பக்கம் ஓட, கூட்டாளி ஒரே தொடுதலில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு மூவருக்கு இருவர். பந்து கிடைத்ததிலிருந்து எட்டு நொடிக்குள் உதைத்தாக வேண்டும் என்று வரம்பு வையுங்கள். வரம்பில்லாவிட்டால் பிள்ளைகள் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் எதிரணி முழுவதும் திரும்பி வந்துவிடும்.

முதுகுப் பக்கம் ஓடுவது

கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சி அணிக்காக ஆடி, 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டி அணிக்கு எதிராக முதல் கோலை அடித்தார். பெங்களூரு 2-1 என்று வென்றது. நம் பிள்ளைகளுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல, ஓட்டமும் நடையுமாகப் போய்வரும் பக்கத்து ஊர்ச் செய்தி. அவர் ஆடும் காணொளிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒரு நிபந்தனை விதியுங்கள்: பந்தைப் பார்க்கக் கூடாது, அவரை மட்டுமே பார்க்க வேண்டும், பந்து அவரிடம் வருவதற்கு முன் எந்தப் பக்கம் நகர்ந்தார், எத்தனை முறை திரும்பிப் பார்த்தார் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். பந்து இல்லாத நேரத்திலும் ஒரு முன்கள ஆட்டக்காரருக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

தடுப்பாட்டக்காரர் பந்தையும் தன் பின்னால் நிற்பவரையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. ஆகவே அவருடைய முகத்துக்கு முன்னால் நிற்காமல், முதுகுத் தோள்பட்டைக்குப் பின்னால் நிற்கப் பழக்குங்கள். ஓடுவதற்கு முன் எதிர்த்திசையில் இரண்டடி வைத்தால் அவரும் கூடவே வருவார். அவர் வந்ததும் திரும்பி, அவர் விட்டுவந்த இடத்துக்கு ஓட வேண்டும். எப்போது ஓடுவது என்பதே பிள்ளைகளுக்குக் கடினமானது. பந்து வைத்திருப்பவரின் தலை நிமிர்வதுதான் அடையாளம். அவர் குனிந்து பந்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது ஓடினால் பாஸ் வராது, ஆஃப்சைடுதான் வரும்.

ஆஃப்சைடு விதியைப் பயமுறுத்தும் சட்டமாகச் சொல்லாமல் பயன்படும் கருவியாகச் சொல்லுங்கள். கூட்டாளி பந்தை உதைக்கும் அந்த நொடியில் எங்கே நிற்கிறோம் என்பதே கணக்கு. அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓடினாலும் குற்றமில்லை. எதிரணியில் கோலுக்குக் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்பவருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை. நம் சொந்தப் பாதியில் இல்லை. பந்துக்குப் பின்னால் நின்றால் இல்லை. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக் ஆகியவற்றிலிருந்து நேரடியாகப் பந்தை வாங்கினாலும் இல்லை. த்ரோ-இன் பற்றிய இந்த விலக்கை அறிந்த சிறுவர் அணிகள் குறைவு. வீசுபவர் தயாராகும்போதே ஒருவர் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டிப் போய் நின்றுகொண்டால், அதிலிருந்தே ஒரு வாய்ப்புப் பிறக்கும்.

கோட்டிலிருந்து பின்னால்

ஓரமாகப் பந்தைக் கொண்டுபோகும் பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: குறுகிய கோணத்திலிருந்து தாங்களே உதைப்பார்கள், அல்லது கண்ணை மூடிக்கொண்டு உயரத் தூக்கி அடிப்பார்கள். கயிற்றுப் பாடம் முதலாவதை ஓரளவு குறைத்திருக்கும். இரண்டாவதற்குப் பதிலாக, கோல் கோடுவரை போய் அங்கிருந்து தரையோடு பின்னோக்கிப் பெனால்டி புள்ளியின் பக்கம் தள்ளிக் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். பந்து கோட்டை நோக்கிப் போகும்போது தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்தபடி பின்வாங்குவார்கள். அவர்கள் கண்ணுக்குப் புலப்படாத பின்புறத்தில் நம்மவர் ஒருவர் பந்தைப் பார்த்தபடியே ஓடிவரலாம். பந்துக்குப் பின்னால் வருவதால் அவருக்கு ஆஃப்சைடு கிடையாது. கயிறு மிக அகலமாக இருக்கும் இடமும் அதுவே.

இதற்கு மூன்று ஓட்டங்கள் வேண்டும்: ஒருவர் பக்கத்துக் கம்பத்துக்கு, ஒருவர் தூரக் கம்பத்துக்கு, மூன்றாமவர் வேகத்தைக் குறைத்துப் புள்ளிக்கு. மூவரும் ஒரே இடத்துக்குப் பாய்வதுதான் வழக்கமாக நடக்கும். அதனால் முதல் சில நாட்கள் தடுப்பாட்டக்காரர்களே இல்லாமல் மூன்று பெயரையும் சொல்லி ஓடவைத்து, பிறகு இருவரைச் சேருங்கள். புள்ளிக்கு வருபவர் பலமாக உதைக்க வேண்டியதில்லை, உள்பாதத்தால் திசை காட்டினாலே போதும். உயரப் பந்தைத் தவிர்ப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015-இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று விதித்தது. நம் பிள்ளைகளின் தலையும் அதே தலைதான். சிறியவர்களுக்கு ஹெடிங் பயிற்சி வேண்டாம்.

ஆட்டத்துக்குள் பழக்குவது

பயிற்சியின் கடைசி அரை மணி நேரத்தை நால்வருக்கு நால்வர் ஆட்டத்துக்கு விடுங்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் கலந்தே ஆடட்டும். முப்பதுக்கு இருபது மீட்டர் இடம் போதும். ஆள் குறைந்தால் ஒவ்வொருவருக்கும் பந்து அதிகம் கிடைக்கும், முடிவெடுக்க வேண்டிய தருணங்களும் அதிகம் வரும். அன்று கற்றதை விதியாக மாற்றுங்கள்: கோட்டிலிருந்து பின்னால் தள்ளிப் போட்ட கோலுக்கு இரண்டு புள்ளி, 'ஒன் டூ' வழியாக வந்த கோலுக்கு இரண்டு புள்ளி என்பதுபோல. பந்தை இழந்த அணி ஐந்து நொடிக்குள் திரும்பப் பறித்துக் கோல் போட்டால் மூன்று புள்ளி கொடுங்கள். எதிரணி ஒழுங்காக நிற்பதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில நொடிகளைப்போல் மலிவாக வாய்ப்புத் தருவது வேறில்லை.

1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத்தந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம், ஹைதராபாதில் டிரிபிளிங்குக்கு, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டே ஆட்களைத் தனியாகக் கடப்பதற்கு, இடமில்லாத போட்டிகளையும், பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டிகளையும் நடத்தியவர். வாரத்தில் ஒரு நாள் இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது என்றும், மற்றொரு நாள் இடக்கால் மட்டும் என்றும் விதித்துப் பாருங்கள். ஆனால் எல்லா நாளும் அப்படிச் செய்துவிடாதீர்கள். தனியாகக் கடந்துபோகும் துணிச்சல் உள்ள பிள்ளை அணிக்குச் சொத்து. எங்கே கடப்பது, எங்கே கொடுப்பது என்று அந்தப் பிள்ளை தெரிந்துகொண்டால் போதும்.

ஆட்டத்தின்போது ஓரத்திலிருந்து ஒவ்வொரு அசைவுக்கும் கட்டளையிட்டால் பிள்ளைகள் உங்கள் வாயைப் பார்ப்பார்கள், மைதானத்தைப் பார்க்க மாட்டார்கள். தவறு நடந்தபின் ஆட்டத்தை நிறுத்தி, "இப்போது உனக்கு யாரெல்லாம் தெரிந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பிள்ளை தானே சுற்றிப் பார்த்து, விட்டுப்போன கூட்டாளியைக் கைகாட்டும். அதே இடத்திலிருந்து மறுபடி ஆடவிடுங்கள். பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசி, கைதட்டலாம், ஆனால் எப்போது உதைப்பது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்போடு சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

போட்டி நாட்களில் ஒரு கோடு போட்ட நோட்டை உடன் வைத்திருங்கள். ஆடாமல் வெளியே இருக்கும் பிள்ளையிடமே அதைக் கொடுத்து, கயிற்றுக் கேள்விகள் மூன்றுக்கும் நல்ல பதில் இருந்த வாய்ப்புகளை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: எந்த நிமிடம், பந்து எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எப்படி வந்தது. கோல் ஆனதா என்பதைக் கடைசிப் பத்தியில் எழுதினால் போதும். எல்லா வாய்ப்பும் வலப்பக்கத்திலிருந்தே வந்திருந்தால் அடுத்த வாரப் பயிற்சி இடப்பக்கத்தில் தொடங்கும்; கோட்டிலிருந்து தள்ளிய பந்துகள் ஆளில்லாமல் ஓடியிருந்தால் மூன்று ஓட்டங்களை மறுபடி எடுக்க வேண்டும்; வாய்ப்புகள் நிறைய வந்தும் கோல் வரவில்லையென்றால் மட்டும், அந்த வாரம் உதைக்கும் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள், அதையும் முன்னால் ஒரு தடுப்பாட்டக்காரரை நிறுத்திவைத்தே கொடுங்கள்.